ஸ்காபரோக் கணப்பும் அலபாமாக் கணப்பும்

"அத்தான், பின்னேரம் ஹீற்றரைப் போட்டால் யன்னலெல்லாம் வேர்த்து வடியுது. சின்னவள் தலையிடிக்குது எண்டு சொல்லுறாள்."

போன சனவரியில் அலபாமாவிலிருந்து மச்சான் தொலைபேசியில் சொன்னார். அவருக்கு ஹன்ற்ஸ்வில் நகரத்தில் வேலை. அங்கத்தைய குளிர் எங்களுடையதற்குப் பக்கத்தில் விளையாட்டுக் குளிர்தான். அதனால் வீடு முழுவதையும் சூடாக்கிக் காசைக் கரைக்காமல், தான் இருந்து வேலை செய்யும் சின்ன அறைக்கு மட்டும் ஒரு காஸ் ஹீற்றர் வாங்கித் தானே சுவரில் மாட்டியிருந்தார். ஸ்காபரோவில் என் வீட்டு நிலக்கீழிலும் ஒரு காஸ் ஹீற்றர் இருக்கிறது. ஐந்து குளிர்காலமாக எரிகிறது. யன்னல் ஒரு நாளும் வேர்த்ததில்லை. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் சங்கதி விளங்கியது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு சாமான்களைப் பற்றிக் கதைத்துக் கொண்டிருந்திருக்கிறோம்.

என்னுடையது டிரெக்ட் வென்ற் வகை. சுவரைத் துளைத்துப் போகும் ஒரு பெரிய குழாய், அதற்குள்ளே இன்னொரு சின்னக் குழாய். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் வெளிக்காற்று வந்து நெருப்பை எரிக்கிறது. எரிந்த புகை உட்குழாயால் வெளியே போகிறது. நெருப்பு இருக்கும் பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி நார்ப்பட்டி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அறைக் காற்றுக்கும் அந்த நெருப்புக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. சூடு மட்டும் இந்தப் பக்கம் வருகிறது.

மச்சானுடையது வென்ற் ஃபிரீ. அதற்குக் குழாயே இல்லை. அறைக்குள் இருக்கும் ஒட்சிசனை எடுத்து எரிந்து, எரிந்ததை அதே அறைக்குள் விடுகிறது. யன்னல் வேர்ப்பதற்கான காரணமும் அதுதான். அவர் வாங்கியது மணிக்கு 20,000 பி.ரி.யு. கொள்ளளவுள்ளது, எரிபொருள் புரோப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்த இரசாயனச் சமன்பாட்டை எழுதிக் கணக்குப் பார்த்தேன். முழுச் சுவாலையில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் தண்ணீர் நீராவியாக அறைக்குள் வருகிறது; ஒரு கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டும் வருகிறது. பின்னேரம் நாலு மணித்தியாலம் எரித்தால் கிட்டத்தட்ட மூன்று லீற்றர் தண்ணீர். அது குளிர்ந்த கண்ணாடியில் படியாமல் வேறெங்கே போகும்? கண்ணாடியில் படிவதைத் துடைத்துவிடலாம். சுவருக்குள்ளும் அலுமாரிக்குப் பின்னாலும் படிந்து பூஞ்சணம் பிடிப்பதுதான் கவலை.

வாங்கும்போது மச்சானை மயக்கியது பெட்டியில் அச்சடித்திருந்த 99 வீதம் என்ற வினைத்திறன். பொய் என்று சொல்ல முடியாது. ஒன்றையும் வெளியே விடாத நெருப்பு, சூட்டையும் வெளியே விடாதுதானே. என்னுடையது போன்றவை பெரும்பாலும் 70 முதல் 80 வீதம்; மிச்சம் குழாயால் தெருவுக்குப் போகிறது. ஆனால் அவருடைய கையேட்டைத் திறந்து பார்த்தால், எரிக்கும்போது யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லி உள்ளே ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறது. யன்னலைத் திறந்துவிட்டு 99 வீதத்தைப் பிடித்து வைத்திருப்பது எப்படி என்று எழுதவில்லை.

அவருடைய ஹீற்றரில் காவல் இல்லாமலில்லை. ஒட்சிசன் குறைவதைக் கண்டுபிடிக்கும் ஒரு பைலற் சுடர் இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். அது 18 வீதத்தை நெருங்கும்போது அந்தச் சின்னச் சுடர் தன் இடத்தை விட்டு விலகும். பக்கத்திலிருக்கும் வெப்ப உணரி குளிர்ந்து காஸ் வால்வை மூடிவிடும். கெட்டித்தனமான வேலைதான். ஆனால் அது அளப்பது ஒட்சிசனை, காபனோரொட்சைட்டை அல்ல. பேர்ணர் வாய்களில் தூசியோ பூனை மயிரோ அடைத்துச் சுவாலை அரைகுறையாக எரியத் தொடங்கினால், ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதே காபனோரொட்சைட்டு ஏறலாம். பைலற் சுடருக்கு அது தெரியப் போவதில்லை. வீட்டில் ஒரு பூனையும் உண்டு.

இதனால்தான் இந்த வகைக்கு அமெரிக்கச் சட்டநூல்களில் எண்கள் கறாராக இருக்கின்றன. ஒரு ஹீற்றர் 40,000 பி.ரி.யு.வைத் தாண்டக்கூடாது. படுக்கை அறையில் 10,000, குளியலறையில் 6,000, அதற்கு மேல் போக விடமாட்டார்கள். 1,000 பி.ரி.யு.வுக்கு 50 கன அடி வீதம் அறை இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் வீட்டுக்குள் இதை மாட்டவே முடியாது. கனடாவிலும் வீடுகளுக்கு அனுமதியில்லை. நான் கேட்டுத் திரிந்திருந்தாலும் ஸ்காபரோவில் எந்தக் காஸ்காரரும் இதைப் பூட்டித் தந்திருக்க மாட்டார். எனவே என் தெரிவில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, இருக்கும் நாடுதான் தெரிவு செய்தது.

சரி, என்னுடையதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது இருக்கும் இடம் வேறு. மச்சான் அறைக்குள் பார்க்க வேண்டியதை நான் சுவருக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.

பூட்டிய நாளிலேயே அது விளங்கியது. காஸ் வேலையை ஒன்ராறியோவில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். வந்த ரெக்னீஷியன் அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றார். வெளியே அளவு நாடாவோடு முக்கால் மணித்தியாலம் நடந்தார். குழாயின் வாய் நிலத்திலிருந்து ஓரடிக்கு மேல் இருக்க வேண்டும். திறக்கும் யன்னலிலிருந்து ஓரடி, காஸ் மீற்றரின் அழுத்தச் சீராக்கி மூச்சுவிடும் துளையிலிருந்து மூன்றடி, விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் இருந்தால் அதிலிருந்து ஆறடி. பக்கத்து வீட்டோடு பொதுவாகப் பாவிக்கும் டிரைவ்வேக்கு மேலே வாய் வரக்கூடாது. எங்கள் பழைய ஸ்காபரோ வீடுகளில் இந்தக் கடைசி விதியிலேயே பலருக்குப் பாதிச் சுவர் போய்விடும். நிலக்கீழ் என்பதால் எனக்கு இன்னொரு சிக்கல். அறைக்குள் துளை போடும் உயரம் வெளியே கிட்டத்தட்ட நில மட்டம். யன்னலுக்காகத் தோண்டியிருக்கும் குழிக்குள் குழாயை விட்டுவிடலாமே என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழிக்குள் புகை தேங்கும்; தேங்கிய புகையையே ஹீற்றர் திரும்பக் குடிக்கும். கடைசியில் ஸ்நோர்க்கல் என்று அவர்கள் சொல்லும் எழும்பு குழாய் வைத்து, வாயை மேலே தூக்கிவிட்டார்.

காஸ் பைப்பின் ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்த்ததையும் சொல்ல வேண்டும். இந்த வேலை இரண்டு வகைக்கும் பொது; மச்சான் அதைச் செய்யவில்லை என்று பிறகு ஒத்துக்கொண்டார். இன்னொன்றும் பொது: இயற்கை வாயுவுக்குச் செய்த ஹீற்றரில் புரோப்பேனைக் கொடுக்கக் கூடாது. ஒரே கன அளவில் புரோப்பேனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிசக்தி. காஸ் வரும் துளையும் அழுத்தமும் வேறு. கசிந்தால் இயற்கை வாயு மேலே எழும்பும், புரோப்பேன் தரையில் படுக்கும். மச்சான் வீட்டில் கசிவை மணக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

முதல் நாள் எரித்தபோது பூச்சு வேகும் நாற்றம் வீடெல்லாம் பரவியது. கதவு யன்னலைத் திறந்துவைத்துச் சில மணித்தியாலம் எரியவிடச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பழக்கங்கள் இரண்டு. பைலற் அணைந்துபோனால் உடனே மூட்டுவதில்லை. குமிழைத் திருகி மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அடைத்த பெட்டிக்குள் காஸ் சேர்ந்திருக்க, அவசரப்பட்டுப் பொறி தட்டினால் கண்ணாடியையே உடைத்துக்கொண்டு வரும். மற்றது அந்தக் கண்ணாடியைப் பற்றியது. 78 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும் கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு வலை கட்டாயம் என்று 2015இலிருந்து உற்பத்தித் தரநிலையில் இருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் 'வலை இல்லாவிட்டால் இன்னும் வடிவாயிருக்குமே' என்பார்கள். தவழும் பிள்ளை நடக்க முன்னம் கையூன்றுவது இப்படிப்பட்ட பளபளப்பில்தான். நெருப்பு அணைந்து நெடுநேரம் போனாலும் கண்ணாடி சுடும்.

பிறகு பனி. பெப்ரவரியில் ஒரு நாள் விடிய, நிலக்கீழில் தங்கியிருக்கும் மருமகன் மேலே வந்து, "மாமா, நெருப்பு மஞ்சளாய்ச் சோம்பேறி மாதிரி எரியுது" என்றான். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பின்பக்கம் போனேன். காற்று அள்ளி வந்த பனி ஸ்நோர்க்கலின் வாயை முக்கால்வாசி மூடியிருந்தது. கையால் வழித்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால் சுவாலை பழையபடி நின்றது. வாய் முழுவதும் மூடப்பட்டால் இந்த வகை பெரும்பாலும் மூச்சுத் திணறி அணைந்துபோகும். அடைத்த பெட்டி என்பதால் அறைக்குள் புகை வருவது அரிது. ஆனால் நார்ப்பட்டி பழுதாகியிருந்தால் அந்த 'அரிது' என்ற சொல்லை நம்பக்கூடாது. வருடத்துக்கொருமுறை ஆளைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. பழைய வீடுகளில் காணலாம்: காற்றை அறையிலிருந்து எடுக்கும், புகையைப் புகைபோக்கியால் அனுப்பும். 2008இல் ஒன்ராறியோவின் உட்ஸ்ரொக்கில் ஒரு குடும்பத்தின் நான்கு பேர் இறந்தது இப்படித்தான். காஸ் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு, புகை வீட்டுக்குள் திரும்பியது. அவர்கள் வீட்டில் எச்சரிக்கை மணி இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்த ஹோக்கின்ஸ்-ஜினியாக் சட்டம், 2014 ஒக்ரோபரிலிருந்து படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் காபனோரொட்சைட்டு மணியைக் கட்டாயமாக்கியது. எங்கள் ஆட்களுக்கு இந்த மூன்றாவது வகையில் தனி ஆபத்து ஒன்று உண்டு. மீன் பொரிக்கும்போது அடுப்புக்கு மேலே பெரிய விசிறியை முழு வேகத்தில் போடுவோம். நன்றாக அடைத்த வீட்டில் அது காற்றை உறிஞ்ச, புகைபோக்கியில் மேலே போக வேண்டியது கீழே இழுபடலாம். தன் காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் டிரெக்ட் வென்ற்றுக்கு மீன் பொரியலால் தொல்லை இல்லை.

மணி இருக்கிறதுதானே, பிறகென்ன என்று மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டு மணிகள் 70 பி.பி.எம். அளவில் ஒரு மணித்தியாலத்துக்கும் நாலு மணித்தியாலத்துக்கும் இடையில்தான் அடிக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன, 30 பி.பி.எம். நாட்கணக்கில் நின்றாலும் பேசாமலிருக்கும். உயிர் போகாமல் காப்பதற்குச் செய்தது அது. பிள்ளையின் தலையிடிக்கு அது பதில் சொல்லாது.

குழாய் இல்லாததன் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சில நூறு டொலர். என்னுடையது பூட்டி முடிய ஆயிரங்களில் போனது. மச்சானுடையது மின்சாரம் நின்றாலும் எரியும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் இணைப்புகள் இருட்டில் கிடந்தபோது, கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் உள்ளே கொண்டுவந்து நஞ்சேறியவர்கள் இருந்தார்கள். அவற்றோடு பார்த்தால் மச்சானின் ஹீற்றர் எவ்வளவோ மேல். ஆனால் இந்த வசதி என்னுடையதிலும் இருக்கிறது. பைலற் சுடர் சூடாக்கும் ஒரு சின்ன உணரி அரை வோல்ற்றளவு மின்சாரத்தைத் தானே உண்டாக்கி வால்வைத் திறக்கிறது. விசிறி சுற்றாது, அவ்வளவுதான். இருட்டில் நடுங்கிய அந்த நாட்களை நினைத்துத்தான் இந்த மாதிரியைக் கேட்டு வாங்கினேன்.

ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு அறையை அளக்கச் சொல்லி வைத்தேன். அரை மணித்தியாலத்தில் மச்சான் எடுத்தார். நீளம் 11, அகலம் 10, உயரம் 8. மொத்தம் 880 கன அடி. அவருடைய ஹீற்றருக்கு வேண்டியது 1,000.

"அப்ப கதவைத் திறந்து வைச்சால் சரியோ அத்தான்? ஹோலும் சேர்ந்திடும்தானே?"

"கணக்குக்குச் சரி. ஆனால் அந்த அறையை மட்டும் சூடாக்கிற கதை அதோட முடிஞ்சுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, என்னுடையது மாதிரி ஒன்றுக்குச் சுவரில் துளை போட எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டார்.