உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போகும் முன்

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்தபடி வாழ்பவர்கள் எம்மிடையே பலர். சனங்கள் ‘பீஸ்’ என்று சொல்லும் இந்தத் துண்டுகள் எல்லாவற்றையும் வைத்தியர்கள் எடுப்பதில்லை. நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் ஆழமாகக் கிடப்பதை வெட்டி எடுக்கப்போனால், விட்டுவைப்பதைவிடக் கூடுதல் சேதம் வரலாம். நோவு இல்லாவிட்டால் ஆட்களும் அதை மறந்துவிடுகிறார்கள். நாரி நோவுக்கோ தலையிடிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி வைத்தியர் துண்டு எழுதித் தரும் நாளில்தான் அது பிரச்சினையாகிறது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். வழமையான இயந்திரங்களின் பலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பதே பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கான் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நோயாளிக்குத் துணையாக அந்த அறைக்குள் போகிறவரும் தன் உடம்பில் துண்டு இருந்தால் சொல்லவேண்டும். எறிகணைச் சிதறல் பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதை இழுக்கலாம், அல்லது ஸ்கானின்போது அது சூடாகலாம். தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டைத் தழும்புத் திசு இறுகப் பிடித்திருக்கும் என்பதால், அப்படியானவர்களில் பலருக்கு ஸ்கான் எடுக்க வைத்தியர்கள் அனுமதிப்பதுண்டு. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அருகில் என்றால் கதை வேறு. கண்ணுக்குள் உள்ள மிகச் சிறிய துண்டு அசைந்தாலே பார்வை போகலாம்.

மற்ற நாடுகளில் பழைய வைத்தியப் பதிவைப் பார்த்து இதை அறிந்துகொள்வார்கள். எங்களுக்கு அது எங்கே? 2009இல் புதுமாத்தளனில் காயத்துக்கு மருந்து கட்டி, கப்பலில் திருகோணமலைக்கோ புல்மோட்டைக்கோ கொண்டுபோகப்பட்டு, பிறகு முகாமுக்குப் போனவரிடம் என்ன கடதாசி மிஞ்சியிருக்கும்? நீங்கள் வாயால் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

சொல்லத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். தழும்பைக் கண்டால் விசாரணை வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் ஸ்கான் பிரிவுக்குத் தேவையானது உடம்பில் எங்கே உலோகம் இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது மட்டுமே. காயம் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்ற கதை அதற்கு வேண்டாம். “உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது” என்று சொன்னால் போதும். ஸ்கானுக்கு முன் நிரப்பும் படிவம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

துண்டு எங்கே என்று சரியாகத் தெரியாதா? சாதாரண எக்ஸ்றே படமே உலோகத்தைக் காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. ஆபத்து என்றால், பல வேளைகளில் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். அதில் காந்தம் இல்லை. துண்டுக்குப் பக்கத்தில் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அது எக்ஸ்றே கதிரால் எடுக்கப்படுவதால், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லவேண்டும். எலும்பில் பிளேட், ஆணி வைத்தவர்களும் அதைச் சொல்லவேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டே எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவேண்டும்.

துப்பாக்கிச் சன்னம் உள்ளவர்களுக்கு இன்னொரு விடயம். பல சன்னங்களின் உள்ளே இருப்பது ஈயம். அது மூட்டுக்குள் கிடந்தால், மூட்டு நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேரலாம். காரணம் தெரியாத வயிற்று நோவு, இரத்தச்சோகை, கை கால் பலவீனம் இருந்தால், சன்னம் இருப்பதைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பழைய காயம் திடீரென வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நோவு இடம் மாறினாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

எக்ஸ்றே எடுத்தால் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து வையுங்கள். துண்டு இருக்கும் இடத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். ஸ்கானுக்குள் படுத்திருக்கும்போது, அழைப்பதற்கென்று கையில் ஒரு ரப்பர் குமிழ் தருவார்கள். பழைய காயம் சுட்டாலோ இழுப்பதுபோல இருந்தாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே அதை அமத்துங்கள்.