அற்ககோல்களின் தகன வெப்பம்

ஓர் அற்ககோல் போதிய ஒட்சிசனில் முற்றாக எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும்போது வெளிவிடும் வெப்பம் அதன் தகன வெப்பம் எனப்படும். மாத்தளை மாவட்டத்தின் நக்கிள்ஸ் மலைச்சாரல் ஊர்களில் கித்துள் பாளையிலிருந்து இறக்கும் இனிப்பு நீரை மதுவம் என்னும் நுண்ணுயிர் புளிக்கவைத்துக் கள்ளாக்கும்போது உருவாகும் எதனோலே இக்குடும்பத்தில் மனிதர் மிக நெடுங்காலமாக அறிந்தது. இந்நொதித்தலில் 180 கிராம் குளுக்கோசு 92 கிராம் எதனோலாகக் குறைந்துவிட்டாலும், சர்க்கரையை எரித்தால் கிடைக்கக்கூடிய வெப்பத்தில் 97 சதவீதத்துக்கு மேல் அந்த எதனோலிலேயே தங்கிவிடுவது பெரிதும் வியக்கத்தக்கது. எனினும் கள்ளில் நீரே மிகுதியாதலால், காய்ச்சி வடித்த பின்னரே அது எரியும்.

வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமானியின் வரலாறு, உருகிய பனிக்கட்டியின் எடையைக் கொண்டு வெப்பத்தைக் கணித்த லவோசியே, லாப்பிளாஸ் ஆகியோரின் 1780களின் ஆய்வுகளோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரம்ஃபோர்டு பிரபு, எரியும் வாயுக்களை நீருள் அமைந்த செப்புக் குழாய் வழியே செலுத்தி அளந்தபோது, நீரை அறை வெப்பநிலையிலும் சற்றுக் குளிராகத் தொடங்கி அதேயளவு சூடாக முடித்து, வெளியே கசியும் வெப்பத்தை ஈடுசெய்தார். இந்நுட்பம் எளியதாயினும் ஆழ்ந்த சிந்தனையின் விளைவு. 1881இல் பெர்த்தலோ அமைத்த குண்டுக் கலோரிமானியில், அழுத்தப்பட்ட ஒட்சிசன் நிரம்பிய மூடிய உலோகக் கலத்தினுள் பொருள் முழுதும் எரிந்ததால், அரைகுறைத் தகனம் என்னும் பெருங்குறை நீங்கியது. அமெரிக்காவில் ரொசினி 1930களின் தொடக்கத்தில் மெதனோலுக்கும் எதனோலுக்கும் மிக நுட்பமான அளவுகளைப் பெற்றார்.

இன்று ஏற்கப்படும் பெறுமானங்கள் மூலொன்றுக்கு மெதனோல் 726, எதனோல் 1367, 1-புரொப்பனோல் 2021, 1-பியூற்றனோல் 2676 கிலோயூல் ஆகும். ஒரு காபன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 650 கிலோயூல் உயர்கிறது. கிராமளவில் ஒப்பிட்டாலும் மெதனோலின் 22.7 கிலோயூலிலிருந்து பியூற்றனோலின் 36.1 வரை ஏற்றமே காணப்படுவதற்குக் காரணம், மூலக்கூறில் ஏற்கெனவே பிணைந்துள்ள ஒட்சிசன் எரிந்து வெப்பம் தராமையே: அது மெதனோலின் எடையில் பாதி, எதனோலில் 35 சதவீதம், பியூற்றனோலில் 22 சதவீதம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் மதுசார விளக்கின்மேல் செப்புக் கலத்து நீரைச் சூடாக்கிப் பெறும் எண்கள் இவற்றினும் மிகக் குறைவாகவே அமையும். காற்றிலும் கலத்திலும் வெப்பம் இழக்கப்படுவதோடு, காபன் மிகுந்த அற்ககோல்கள் மஞ்சள் சுவாலையில் கரிபடிய எரிவதால் அவற்றின் குறைவு மேலும் கூடுகிறது.