உடுப்புக்குள் ஏறும் வெப்பம்: அணு உலைப் பராமரிப்பில் ஒரு பாதுகாப்பு நடைமுறையின் வரலாறு

அணுமின் நிலையத்தில் ஷட்டவுன் தொடங்கியதும் உலைக் கட்டடத்துக்குள் இறங்கும் தொழிலாளி அணிவதைப் பாருங்கள்: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவரால், பருத்திக் கையுறைமேல் ரப்பர் கையுறை, மணிக்கட்டில் காற்றும் புகாதபடி ஒட்டிய டேப், ஷூ கவர், தலைமூடி, தேவைப்பட்டால் முழுமுகக் கவசம். மாசுபட்ட பகுதிக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவர் மார்பில் தொங்கும் டோசிமீட்டர் உடலில் படும் கதிர்வீச்சை நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. உடுப்புக்குள் ஏறும் வெப்பத்தை எண்ணுவதற்கோ நெடுங்காலம் அவருடைய வாய்ச்சொல்லே இருந்தது. அந்த வெப்பத்துக்கு ஒரு கணக்கு பிறந்த கதையை இக்கட்டுரை தொடர்கிறது. தொழிலாளிக்கு மெய்யான நிம்மதி தந்தவை குளிரூட்டும் கருவிகளைவிட உடுப்பைக் குறைக்க வழிசெய்த முடிவுகளே என்பது என் வாதம்.

அளவீட்டின் வேர் சுரங்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் ஆராய்ந்த உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன், மனித உடலின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பநிலை அன்று, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே என்று 1905-இல் காட்டினார். அசைவற்ற காற்றில் அது 31 பாகை செல்சியஸைத் தாண்டினால் சும்மா இருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும். அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் வெயிலில் சுருண்டு விழுந்த வீரர்களுக்காக ஆய்வாளர்கள் யாக்லூவும் மினார்டும் ஒரு குறியீட்டை வகுத்தனர். ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கு, கருங்கோள வெப்பமானிக்கு இரண்டு, காற்றுக்கு ஒன்று. டபிள்யூபிஜிடி என்னும் இந்த எண் 1957-இல் அச்சேறியது. இன்றும் உலகெங்கும் தொழிற்களங்களில் ஆள்வது இதுதான். ஆனால் அது சுற்றுப்புறத்தின் எண். வியர்வை ஆவியாக வழியற்ற உடுப்புக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பருவநிலை உருவாவதை அது அறியாது.

அந்த இடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டியது அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையம். 1979 மார்ச் 28-இல் அங்கு இரண்டாம் உலை பகுதியாக உருகியது. 1980 ஜூலையில்தான் கட்டடத்துக்குள் மனிதர் முதன்முறையாக நுழைய முடிந்தது. பின்வந்த ஆண்டுகளின் துப்புரவுப் பணியில், உலை அணைந்து கிடந்தும், அடுக்கடுக்கான உடுப்பே தொழிலாளரை வாட்டியது. தீர்வாகக் கையாளப்பட்டது பனிக்கட்டி அங்கி: தண்ணீர்ப் பைகளைத் தைத்து, உறையவைத்து, கவராலுக்குள் அணிவது. இதன் கணக்கு எளியது. 5 கிலோ பனிக்கட்டி உருக ஏறத்தாழ 1,670 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மிதமான வேலை செய்யும் உடல் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவது ஏறத்தாழ 1,080. பனிக்கட்டி ஈர்ப்பதில் ஒரு பகுதி சுற்றுப்புறத்திலிருந்து வருவதைக் கழித்தாலும் கணிசமான நேரம் கிடைக்கும். கம்பியும் குழாயும் இல்லாத இக்கருவியைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடலியல் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் சோதித்தனர். ஆயினும் வேலையால் சூடான உடல்மேல் ஐந்து கிலோச் சுமையை ஏற்றித்தான் அந்த நேரம் வாங்கப்பட்டது.

1986-இல் அமெரிக்க மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் அணுமின் நிலையங்களுக்கென்றே வெப்ப மேலாண்மைத் திட்டமொன்றை வெளியிட்டது. வேலையின் கடுமை, உடுப்பு, அறைவெப்பம் மூன்றையும் வைத்து எத்தனை நிமிடம் உள்ளே இருக்கலாம் என்பதை அதன் அட்டவணையில் பார்த்துச் சொல்லலாம். வெப்பமும் கதிர்வீச்சைப் போலவே நேரக்கணக்காயிற்று. பின்னாளில் உடுப்புக்கும் எண் கிடைத்தது: நீராவி புகாத கவரால் என்றால் அளந்த டபிள்யூபிஜிடியோடு 11 பாகை கூட்ட வேண்டும். 28 காட்டும் அறை அதை அணிந்தவருக்கு 39!

அட்டவணையின் நடைமுறை வேறு. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். நிலையம் நிலையமாகச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த அவகாசம் அரிது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எரிபொருள் மாற்றும் நிறுத்தம் ஏறத்தாழ மூன்று மாதம் நீண்டது. 2000-களில் அது ஒன்றரை மாதத்துக்குள் சுருங்கியது. உடல் பழகி முடிக்கும் முன்பே அந்த வேலையில் கணிசமான பங்கு முடிந்துவிடும்.

திருப்புமுனை ஒரு சட்டத்திலிருந்து வந்தது. அதை எழுதியவர்கள் வெப்பத்தை முதன்மையாக நினைக்கவில்லை. 1994 முதல் அமெரிக்கக் கதிர்வீச்சு விதிகள், மூச்சில் புகும் அளவையும் வெளியிலிருந்து படும் அளவையும் ஒரே தொகையாகக் கூட்டச் சொல்லின. முகக்கவசம் போட்டவர் மெதுவாக வேலை செய்கிறார். கதிர்வீச்சுக்களத்தில் அதிக நேரம் நிற்கிறார். மூச்சில் தப்பியதைவிட வெளியில் வாங்கியது மிகுதியாவது பல வேலைகளில் தெரிந்தது. கவசப் பயன்பாடு வேகமாகக் குறைந்தது. 1999-இல் திருத்திய விதி, கவசம் தேவையா என்று முடிவெடுக்கும்போது அது தொழிலாளியின் உடல்நலத்துக்குத் தரும் பாதிப்பையும் எண்ணும்படி வெளிப்படையாகச் சொன்னது. வெப்பம் கதிர்வீச்சுக் கணக்கின் உள்ளேயே இடம்பிடித்தது அப்போதுதான்.

கனநீர் உலைகளில் கதை மாறுகிறது. கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் இயங்கத் தொடங்கிய இரண்டு உலைகளும் இவ்வகையே. 2002 தொடங்கிச் சில ஆண்டுகளில் அவற்றின் கூலன்ட் சேனல்கள், உலைக்கு 306 வீதம், மாற்றப்பட்டன. கனநீரில் உருவாகும் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் நீராவியோடு கலந்து தோல்வழியேயும் உடலில் சேரும். ஆகவே மூக்கை மட்டும் மூடினால் போதாது. இங்கு அணியும் பிளாஸ்டிக் உடையினுள் குழாய்வழியே தூய காற்று பாய்கிறது. டிரிட்டியத்தை வெளியே நிறுத்தும் அதே காற்று வியர்வையையும் உலர்த்துகிறது. உடுப்பைக் கழற்ற இயலாத இடத்தில் இதைவிடச் சீரான விடை எனக்குத் தெரியவில்லை. குழாய் எட்டும் தூரமே அதன் எல்லை.

2011 விபத்துக்குப் பின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் இந்த வரலாற்றைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தது. வெள்ளைக் கவராலும் முழுமுகக் கவசமும் அணிந்து ஜப்பானியக் கோடையில் வேலை செய்தவர்களுக்குக் குளிர்ப்பொதி அங்கிகள் வழங்கப்பட்டன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிற்பகல் 2 முதல் 5 வரை வெளிவேலை பொதுவாக நிறுத்தப்பட்டது. இவை தேவைதான். பெரிய மாற்றம் வேறெங்கோ நடந்தது. மரங்கள் வெட்டப்பட்டன, மேல்மண் அகற்றப்பட்டது, தரைக்குச் சாந்து பூசப்பட்டது. 2016 மார்ச்சில் வளாகத்தின் பெரும்பகுதியில் சாதாரண வேலையுடையே போதும் என்றாயிற்று. கவராலும் கவசமும் கழன்ற இடத்தில் பனிக்கட்டி அங்கியின் தேவையும் குறைந்தது.

முழுமுகக் கவசம் தொடரும் இடங்களில் ஒரு சிக்கல் தீரவில்லை: பக்கத்தில் வேலை செய்பவரின் முகம் சிவப்பதோ பேச்சு குழறுவதோ எளிதில் தெரிவதில்லை. 2025 ஜூனில் ஜப்பான் எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமாக்கிய விதி, டபிள்யூபிஜிடி 28 அல்லது காற்றின் வெப்பநிலை 31 பாகையை எட்டும் இடத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலோ நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலோ நடக்கும் வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது. அறிகுறி தோன்றியவரோ அதைக் கண்டவரோ யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துத் தொழிலாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அது விதிக்கும் கடமைகளுள் ஒன்று.