ஆயிரம் விளக்குப் பள்ளிச் சிற்றுண்டித் தீர்மானம் (1920): மாமன்ற உறுப்பினரின் குரலும் நகராட்சி நிதியும்

முன்னுரை

தமிழகச் சத்துணவுத் திட்டத்தின் வரலாற்றை எழுதுவோர், 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டித் திட்டத்தை அதன் முதற்படியாகக் குறிப்பிடுவர். காமராசரின் மதிய உணவு (1956), எம்.ஜி.ஆரின் சத்துணவு (1982), அண்மைக்காலக் காலை உணவு (2022) என அவ்வரிசை நீளும். இவ்வாறு வரிசைப்படுத்துகையில் இரு செய்திகள் பின்தங்கிவிடுகின்றன. அத்திட்டம் ஒரு மாமன்றத் தீர்மானமாகப் பிறந்தது என்பது ஒன்று. செலவுக்கணக்கு பற்றிய தடையால் ஐந்தாண்டுக்குள் நின்றுபோனது என்பது மற்றொன்று. தன் நகரின் ஒரு பகுதிக்காகப் பேசும் உறுப்பினரின் குரல் எவ்வெல்லை வரை செயலாக முடிந்தது என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அத்தீர்மானத்தை அணுகுகிறது.

மாமன்றமும் அதிகாரப் பகிர்வும்

1688இல் செயற்படத் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் மக்கள் பங்கேற்பு மிக மெதுவாகவே வளர்ந்தது. தலத்தன்னாட்சி பற்றிய ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மாநகராட்சிக்குள் நுழைந்த பிட்டி தியாகராயர், 1922 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதில் பணியாற்றினார். 1919ஆம் ஆண்டுச் சென்னை நகர மாநகராட்சிச் சட்டம் மன்றத்தின் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அப்பொறுப்பைத் தியாகராயர் 1920இல் ஏற்றார். எனினும் நிருவாகச் செயலதிகாரம் அரசால் அமர்த்தப்பட்ட ஆணையரிடமே இருந்தது. மன்றம் பேசவும் தீர்மானிக்கவும் கூடும். அதன் செலவு செல்லுபடியாகுமா என்பதில் மாகாண அரசின் சொல்லே இறுதியானது.

தீர்மானத்தின் வாதம்

ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க மாமன்றம் 1920இல் ஒப்புதல் அளித்தது. அப்பள்ளியில் பயில்வோர் ஏழைச் சிறுவர். அவ்வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதே தியாகராயர் காட்டிய காரணம். இவ்வாதத்தின் அமைப்பு கருதத்தக்கது. பசித்தோர்க்கு உணவிடும் அறச்செயலாக அது முன்வைக்கப்படவில்லை. கட்டடம், ஆசிரியர் ஆகியவற்றுக்கு நகராட்சி ஏற்கெனவே செய்துவரும் செலவு பயன்தர வேண்டுமாயின் மாணவர் பள்ளிக்கு வந்தாக வேண்டும். அவர்களை வரச்செய்வது உணவு. ஆகவே உணவும் பள்ளியின் உட்கட்டமைப்பில் ஒரு கூறாகிறது. ஒரு குறிப்பிட்ட பகுதியின் ஒரு குறிப்பிட்ட பள்ளியைச் சுட்டி எழுந்ததே இவ்வாதத்தின் வலிமை. பின்னர் வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது.

செலவுக்கணக்கின் தடை

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடுவதை அரசு ஏற்காமையால் 1925இல் திட்டம் நிறுத்தப்பட்டது. கல்வி நிதி கல்விக்கே உரியது, உணவு கல்வியாகாது என்பது இம்மறுப்பின் உட்கிடை. தியாகராயர் உணவைப் பள்ளியோடு பிணைத்திருந்தார். கணக்கு அப்பிணைப்பை அறுத்தது.

இதனை அயலாட்சியின் இரக்கமின்மை என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. அப்பொழுது மாகாணத்தில் ஆட்சியிலிருந்தது, தியாகராயர் நிறுவுநருள் ஒருவராக விளங்கிய நீதிக்கட்சியின் அமைச்சரவையாகும். இரட்டையாட்சியில் கல்வியும் தலத்தன்னாட்சியும் அமைச்சர்வசம் இருந்தன; நிதித்துறை ஆளுநரின் நிருவாகக் குழுவிடம் இருந்தது. ஒத்த கருத்துடைய கட்சி மேலே ஆண்டபோதும் மாமன்றத் தீர்மானம் நிலைக்கவில்லை என்பது, தடை ஆட்களின் மனநிலையைவிட நிதியமைப்பிலேயே வேரூன்றியிருந்ததைக் காட்டுகிறது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

ஓர் ஒப்பீடு

இக்காலத்திலேயே, 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் பின்னணியில், மாம்பலம் பகுதியில் ஏரி தூர்க்கப்பட்டுப் புதிய குடியிருப்பு உருவாயிற்று. அது தியாகராயரின் பெயரையே தாங்கித் தியாகராய நகராயிற்று. இரண்டுமே நகர்ப்பகுதி மேம்பாட்டுப் பணிகள்தாம். ஆயின் மனைக்கு விலையுண்டு. போட்ட முதலை மீட்க வழியுண்டு. ஏழைச் சிறுவனின் வருகைக்கு அத்தகைய விலை இல்லை. வருவாய் தரும் மேம்பாடு நிலைபெற, வருவாய் தராத மேம்பாடு ஒவ்வோர் ஆண்டும் தன் தேவையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அவருடைய பெயர் நகரில் நிலைத்ததும் அவருடைய தீர்மானம் நின்றுபோனதும் ஒரே பத்தாண்டின் நிகழ்வுகள்.

முடிவுரை

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வகுத்துரைத்தது. ஆயினும் அவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநில அரசின் முடிவுக்கே விட்டது. அவ்வகையில் 1925இன் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. வட்ட உறுப்பினரின் செயற்பாட்டை மதிப்பிடும் ஆய்வாளர், அவர் என்ன கோரினார் என்பதோடு நின்றுவிடாமல், அக்கோரிக்கை எந்தக் கணக்கில் பதிவாயிற்று, யார் ஒப்புதலுக்குக் காத்திருந்தது என்பவற்றையும் தொடர்தல் வேண்டும். ஓரணாச் சிற்றுண்டியை நல்லெண்ணத்தின் வரலாறாக மட்டும் படித்தால் அதன் தொடக்கம் விளங்கும். தலத்தன்னாட்சியின் வரலாறாகவும் படித்தால்தான் அதன் நிறுத்தம் விளங்கும்.