இராமன் துறந்த உத்தியோகம்

சர் சி. வி. இராமன் பெயரை எடுத்தால் நம்மவர் நோபல் பரிசைப் பற்றியே பேசுவர். அப்பரிசு கிடைப்பதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்பு, அவர் சர்க்கார் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தாவில் வந்திறங்கிய வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து, அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு அவ்வரலாறே நெருக்கமானது என்று கருதுகிறோம்.

1888 ஆம் ஆண்டு திருவானைக்காவலில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபொழுதே ஒளியைப் பற்றி எழுதிய கட்டுரை 1906 இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. மேற்படிப்புக்குச் சீமை செல்ல எண்ணினார். அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது எனச் சென்னையில் வெள்ளைக்கார மருத்துவர் தடுத்துவிட்டார். உள்நாட்டிலோ விஞ்ஞானத்தை நம்பி ஒருவர் குடும்பம் நடத்த வழியில்லை. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி, முதலாவதாகத் தேறி, 1907 இல் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக நியமனம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. புதுமணப் பெண்ணான லோகசுந்தரி அம்மையாரும் உடன் புறப்பட்டார். மொழி தெரியாத ஊரில் அவ்வம்மையார் குடித்தனம் தொடங்கியது எத்தகைய துணிவு என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை அலுவலகத்திலிருந்து டிராமில் திரும்புகையில், பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, அவற்றைக் கையாள்வார் இல்லை. கதவைத் தட்டிய இளைஞருக்கு ஆசுதோஷ் டே என்னும் பணியாளர் திறந்துவிட்டார். நிறுவனரின் மைந்தர் அமிர்தலால் சர்க்கார் ஆய்வுக்கூடத்தை மகிழ்வோடு ஒப்படைத்தார்.

அன்று முதல் இராமனுக்கு நாள் மூன்றாகப் பிரிந்தது. விடியலில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையிலிருந்து இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். அலுவலக வேலையிலும் குறை வைத்தாரில்லை. மேலதிகாரிகள் அவரை உயர்வாகவே மதித்தனர். 1909 இல் இரங்கூனுக்கும், பின்னர் நாகபுரிக்கும் மாற்றினார்கள். மாற்றல் உத்தரவு என்றதும் நாம் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்குவோம். அவரோ சென்ற ஊரில் தம் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1911 இல் கல்கத்தாவுக்கு மீண்டவர், சங்கக் கட்டடத்தை ஒட்டிய வீட்டையே வாடகைக்கு எடுத்து, நேரே உள்ளே செல்ல ஒரு கதவும் அமைத்துக்கொண்டார். வீணை, தம்பூரா, பிடில் முதலியவற்றின் நாத இயல்பை அவர் ஆராய்ந்த களம் இதுவே. நம் மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்து அதன் ஒலிக்குச் சுருதிச் சுத்தம் தருவது எவ்வாறு என்பதையும் பிற்காலத்தில் ஆராய்ந்து விளக்கினார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி இதையெல்லாம் கவனித்து வந்தார். வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் அளித்த பெருங்கொடையில் ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு இராமனை அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவரே அப்பதவிக்கு உரியவர் என்பது நிபந்தனை. பயிற்சிக்காகக் கடல் கடக்க மாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். நிபந்தனையே தளர்ந்தது! 1917 இல் சர்க்கார் உத்தியோகத்தை உதறிப் பேராசிரியரானார். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துறையின் உச்சிக்கு உயரக்கூடியவர் என்று பலரும் எதிர்பார்த்திருந்த காலம் அது.

இதனைக் கண்ணை மூடிக்கொண்டு குதித்த குதி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. பத்தாண்டுகள் மாதச் சம்பளம் வீட்டைக் காத்தது. அப்பத்தாண்டுகளின் விடியலும் இரவும் அவருக்கு வேறொரு தொழிலைக் கற்பித்தன. இருபதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் கையில் இருந்தபின்னரே இராஜிநாமா எழுதினார். எனினும் இருபத்தெட்டு வயதில், மனைவியோடு வாழ்பவர், பென்ஷன் உள்ள வேலையை விடுவது எளிதன்று. அடுத்த வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நம் காலனியில் வாழ்வோர் நன்கு ஊகிக்கலாம்.

பேராசிரியரான பின்னரும் அவர் பௌபஜார் கட்டடத்தை விடவில்லை. அமிர்தலால் சர்க்கார் மறைந்தபின் 1919 இல் சங்கத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். 1921 இல் சீமைக்குக் கப்பலேறினார். மாணவராக அன்று, பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக. வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு எழுந்த ஐயமே, ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் அவரை ஆழ்த்தியது. கே. எஸ். கிருஷ்ணன் என்ற மற்றொரு தமிழரும் துணை நிற்க, 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு கண்டறியப்பட்டது அதே கட்டடத்தில்தான். முதல் மாலையில் கதவைத் திறந்துவிட்ட ஆசு பாபு அப்பொழுதும் அங்கே பணியில் இருந்தார்.