கொழும்புப் பத்திக்

உருகிய மெழுகைத் துணியில் பூசி, மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாமல் தடுத்து உருவம் எழுப்பும் தொழில் பத்திக். இலங்கையில் அது இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது 1960களின் கொழும்பில். உல்லாசப் பயணிகளுக்கான கடைகளில் இதைப் பழம்பெரும் தீவுக் கலையென்று சொல்லி விற்பதுண்டு. அப்படியொரு பழமை இதற்கு இல்லை.

மெழுகால் சாயத்தைத் தடுக்கும் நுட்பம் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. மசூலிப்பட்டினம் முதல் நாகபட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையில், கைத்தறித் துணியில் நீலம் ஏற வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்றெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் இறக்கினார்கள். சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும் வேண்டும். அந்தச் சாயவேர் மன்னார், யாழ்ப்பாண மணற்பாங்கில் தானாக விளைந்தது. ஒல்லாந்தர் அதன்மேல் கண்ணாக இருந்தார்கள். வேர் தோண்டிக் கொடுப்பதைக் குறிப்பிட்ட சமூகத்தார்மேல் கட்டாயக் கடமையாகவே சுமத்தினார்கள். ஆக, சோழமண்டலக் கரையின் சிவப்பில் வடக்கிலங்கை மண்ணுக்கும் பங்குண்டு. கொழும்புக்கோ முடிந்த துணிதான் கப்பலில் வந்தது.

ஒல்லாந்தரே ஜாவாவிலிருந்து பத்திக்கைக் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1656 முதல் 1796 வரை கொழும்பும் ஜாவாவின் பத்தாவியாவும் ஒரே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியில் இருந்தன. ஜாவாவிலிருந்து போர்வீரர்களும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களும் இங்கே வந்தார்கள். கொம்பனித்தெருவின் மலாய்க் குடும்பங்கள் பல அவர்கள் வழி வந்தவை. அவர்களோடு ஜாவாச் சாறமும் வந்திருக்கலாம். ஆனால் துணி வந்த இடத்திலெல்லாம் தொழிலும் வந்துவிடுவதில்லை. ஒல்லாந்தர் காலத்துக்கும் 1960களின் பட்டறைக்கும் இடையே தொடர்ச்சி காட்ட முயல்வது வீண்.

இருபதாம் நூற்றாண்டில் பத்திக்குக்கு மதிப்புத் தேடித் தந்த இன்னொரு இடம் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதன். 1927இல் தாகூர் ஜாவா சென்றபோது ஓவியர் சுரேந்திரநாத் கர் என்பவரும் உடன் போனார். அதன்பின் சாந்திநிகேதனில் பத்திக் பாடமாயிற்று. தாகூர் 1934இல் கொழும்பு வந்து 'சாபமோசன்' நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். சொந்தக் கைவினையைப் பெருமையோடு பார்க்கும் பழக்கம் கொழும்புப் படித்த வர்க்கத்தில் பரவியதில் அந்த வருகைக்கும் பங்குண்டு.

ஆயினும் அன்றைய கொழும்பில் பருத்தி வேலை என்றால் கைவினையல்ல, ஆலை. வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம்.

பத்திக்கில் திருப்பத்தை உண்டாக்கியவர் ஈனா டி சில்வா (1922–2015). கொள்ளுப்பிட்டியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அவருக்குக் கட்டித் தந்த நடுமுற்ற வீடு இலங்கைக் கட்டடக் கலையில் பேர்போனது. பின்னாளில் அது கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு, பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனநாயக்க ஆகியோருடன் சேர்ந்து ஈனா பத்திக்கைத் தொழிலாக வளர்த்தார். ஜாவாவின் நுணுக்கமான நிரப்பு வேலையை அவர்கள் நகலெடுக்கவில்லை. கொடி, சூரியன், மயில், கோயிற் சித்திரம் என்று பெரிய உருவங்களையும் அடர்ந்த நிறங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் (1969) வரவேற்புக் கூடத்து விதானம் முழுவதும் அவர்களுடைய பத்திக்கால் அமைந்தது. சாறத்துக்குரிய துணி கட்டடத்தின் கூரைக்கு ஏறியது அப்போதுதான். இலங்கைப் பத்திக்கின் ஆகச் சிறந்த படைப்பும் அதுவே எனலாம்.

வேலை முறை எளிதாகத் தெரியும், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தியில் பென்சிலால் வரைந்து, தேன்மெழுகும் பரஃபினும் கலந்து காய்ச்சித் தூரிகையால் அல்லது சிறு மூக்குள்ள செப்புக் கருவியால் பூசுவார்கள். தேன்மெழுகு வளையும், பரஃபின் வெடிக்கும். எவ்வளவு வெடிப்பு வேண்டும் என்பதைக் கலவையே தீர்மானிக்கிறது. வெளிர் நிறம் முதலில், கருநிறம் கடைசியில். ஒவ்வொரு நிறத்துக்கும் முன் காக்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. முடிவில் சோடா கலந்த கொதிநீரில் மெழுகு கழன்றுவிடும். பட்டறைகளில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்களே அதிகம்.

1960களிலும் 70களின் முற்பாதியிலும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடும், 1966இல் அமைந்த சுற்றுலாச் சபையும் இத்தொழிலுக்குக் கைகொடுத்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் கைத்தறியை நிலைகுலைய வைத்தது. பத்திக் சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டு தப்பியது. ஆனால் யானையும் பெரஹெரா ஊர்வலமும் திரும்பத் திரும்ப வரையப்பட்டு வடிவங்கள் சலித்துப்போயின. 2020இல் பத்திக்குக்கும் கைத்தறிக்கும் தனி இராஜாங்க அமைச்சு உருவானது. துணியும் சாயமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தொழில் என்பதால், 2022இன் டொலர் நெருக்கடி அதை நேரடியாகத் தாக்கியது.

கொழும்புத் தமிழரிடையே பத்திக்குக்கு ஓரளவு இடமே கிடைத்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணம் என்றால் இந்தியாவிலிருந்து வந்த பட்டுக்கூறைதான். பத்திக் வீட்டுச் சாறமாகவும், அலுவலகச் சேலையாகவும், வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் பரிசாகவும் நின்றுவிட்டது. அச்சடித்த போலித் துணிகளும் புறக்கோட்டையில் இதே பெயரில் விலைபோகின்றன. அசலில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் நிறம் இருக்கும், வெடிப்புக் கோடுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. அச்சுத் துணியைத் திருப்பினால் பின்புறம் வெளிறியிருக்கும்.