நந்தன் தீயில் இறங்கினான், கிந்தன் ரயில் ஏறினான்

உடுமலை நாராயணகவியைப் 'பகுத்தறிவுப் பாடலாசிரியர்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் எழுதிய 'கிந்தனார்' பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1899இல் உடுமலைப் பக்கம் பூளவாடியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. முத்துசாமிக் கவிராயரிடம் நாடகமும் பாட்டும் கற்றார். மேடைக்கு எழுதி, 1930களில் சினிமாவுக்கு வந்தார். 'வேலைக்காரி', 'பராசக்தி' என்று திராவிட இயக்கப் படங்களில் அவர் பாட்டு ஒலித்தது. 1981இல் மறைந்தார்.

அந்தக் காலத்து மேடையிலும் திரையிலும் சேரி மனிதனைக் கதாநாயகனாக வைத்த புகழ்பெற்ற கதை நந்தனார் கதைதான். சேக்கிழார் சுருக்கமாகப் பாடியதை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி வேதியர் பண்ணையாரைச் சேர்த்துப் பெரிய இசைக்கதையாக்கினார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். யார் பாடினாலும் நந்தன் தீயில்தான் இறங்க வேண்டும். சேரியில் பிறந்த உடம்போடு அவனைத் தில்லைக் கோயிலுக்குள் விட அந்தக் கதைக்கு மனம் வரவில்லை.

இதே கதாகாலட்சேப வடிவத்தை எடுத்துத்தான் உடுமலையார் 'கிந்தனார்' எழுதினார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதை நிகழ்த்தினார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை, கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. ஊர்ப் பள்ளியில் அவமானப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் ரயிலேறுகிறான். எல்லாச் சாதியும் ஒன்றாக உட்காரும் ரயில். படித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். தீக்குளிக்காமலேயே வருகிறான்.

சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைதான். ஆனால் நந்தன் கதையைக் கேட்டு உருகிய கூட்டத்தின் முன்னால் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

நமக்கு ஒரு கேள்வியும் உண்டு. நந்தன் கதையில் நிலம் இருந்தது. நாற்பது வேலி நிலத்தை அறுத்து முடித்தால்தான் அவனுக்கு விடுதலை. கிந்தன் கதை பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியதும் அந்த நிலம் காணாமல் போய்விட்டது. படித்தவன் அதிகாரியாகத் திரும்பலாம். ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும்தானே இருக்கின்றன?

தருமபுரியில் வாழும் நமக்கு இது பழங்கதை அல்ல. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டினார்கள். எட்டு மாதத்தில், 2013 ஜூலை 4 அன்று, இளவரசனின் உடல் தருமபுரி ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது.

நம் பிள்ளைகளைத் தீயில் இறங்கச் சொல்லாத கதையை உடுமலையார் எழுதினார். அதற்காக அவரை நன்றியோடு நினைப்போம். திரும்பி வரும் கிந்தன் உயிரோடும் நிலத்தோடும் வாழும் ஊரை உண்டாக்குவது பாட்டால் முடிகிற வேலை இல்லை. அது நம் வேலை.